பன்னிரு பொத்தான்கள்

துறைமுகத்தையடுத்த பாடசாலையொன்றில் யான் முன்னர்த் தமிழ் கற்பித்த காலத்து, வலக்கையைக் காற்சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருக்கும் மாணவனொருவன் என் வகுப்பில் வந்து சேர்ந்தான். அவனை மரியாதை அறியாதவனெனக் கருதி, "கையை வெளியிலை எடு!" என எல்லோர் முன்னிலையிலும் அதட்டினேன். எடுத்தான். அக்கையிற் பெருவிரல் இல்லை. தந்தையாரின் தோணி இயந்திரத்தில் அகப்பட்டு அவ்விரல் போயிற்றென்பதைப் பின்னரே அறிந்தேன். மறுநாள் தொடங்கி ஒரு வாரம் அவன் பாடசாலைக்கு வரவில்லை.

மனம் பொறாது அவன் இல்லந் தேடிச் சென்றேன். தமையன்மார் கணினி முன்னிருந்து வீடியோ விளையாட்டில் ஆழ்ந்திருக்க, இவன் மட்டும் சுவரிற் சாய்ந்திருந்தான்.

"நீர் விளையாடுறதில்லையோ, தம்பி?"

"பெருவிரல் இல்லாமல் ஏலாது, சேர்."

அவன் கூறியது உண்மையே. விளையாட்டை இயக்கும் கைக்கருவியை இரு கைகளாலும் ஏந்திப் பெருவிரல்களாலேயே பெரும்பாலும் அழுத்துதல் வேண்டும். யப்பானியரான குன்பெய் யோகோய் 1982 இல் நின்ரெண்டோ நிறுவனத்தின் சிறு விளையாட்டுக் கருவியிற் சிலுவை வடிவப் பொத்தானை அமைத்த நாள்முதல் இடப்பெருவிரல் திசைக்கும், வலப்பெருவிரல் செயலுக்கும் உரியனவாயின. உடற்குறையுடையோர்க்கென மைக்ரோசொப்ட் நிறுவனம் 2018 இல் ஒரு கருவியை வெளியிட்டதுண்டு. ஆயின் அன்று அதன் விலை 100 அமெரிக்க டொலர். அஃது எம்மனோர்க்கு எட்டாதது.

வீடு திரும்புகையில் என் நினைவுக்கு வந்தவர் சுண்டிக்குளி தந்த ஆர். முத்தையா. 247 எழுத்துக்களையும் சில விசைகளுள் அடக்கித் தமிழ்த் தட்டச்சுப்பொறியை ஆக்கியவர் அவரன்றோ! தட்டச்சிலே வேலை இரு பெருவிரல்களுக்கு மட்டும் உரியதன்று. எல்லா விரல்களுக்கும் பகிரப்படுகின்றது. அவ்வாறே பொத்தான்களைப் பெட்டியொன்றின் மேற் பரப்பினால் என்ன?

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிற் பாடக்குறிப்பு வகுக்கப் பயின்றேனேயன்றி மின்சாரம் பயின்றேனல்லேன். "தமிழ் வாத்தியாருக்கு இந்த வேலை ஏன்?" என்று நண்பர் நகைத்தனர். விஞ்ஞானம் பயின்று, பின் மறைந்துபோன யாழை ஆராய்ந்து 1947 இல் 'யாழ் நூல்' தந்த விபுலாநந்த அடிகளின் பெயரைச் சொல்லி அவர்தம் வாயை அடைத்தேன்.

றேடியோ திருத்துங் கடையொன்றை நடத்தும் முதியவர் துணைநின்றார். அவர் தந்தையார், 1957 இல் ஆங்கிலேயக் கடற்படை நீங்கும்வரை டொக்யார்ட்டிற் பணிபுரிந்தவர். பழைய மேசைப் பலகையிற் பதினொரு பொத்தான்களுக்கு 24 மில்லிமீற்றர்த் துளைகளும், மேலே குதித்தற்குரிய பெரும் பொத்தானுக்கு 30 மில்லிமீற்றர்த் துளையும் இட்டோம். இடக்கை விரல்கள் மூன்றுக்கு இடம், கீழ், வலம் என்னும் திசைகள், இடப்பெருவிரலுக்குக் குதித்தல், வலக்கையின் எஞ்சிய நான்கு விரல்களுக்கு எட்டுப் பொத்தான்கள். வலப்பெருவிரலுக்கு ஒரு வேலையும் இல்லை.

பெட்டியின் மூளை, 2021 இல் வெளிவந்த ராஸ்பெரி பை பிக்கோ என்னுஞ் சிறு மின்பலகை. நீளம் 51, அகலம் 21 மில்லிமீற்றர். ஒவ்வொரு பொத்தானின் ஒரு காலைத் தனித்தனி முனைக்கும், மறுகால்களையெல்லாம் ஒரே கம்பியாற் புவிமுனைக்கும் சோல்டர் வைத்து இணைத்தோம். அழுத்தாதபோது முனையில் 3.3 வோல்ற்று நிற்கும். அழுத்தியவுடன் அது பூச்சியமாகும். அவ்வீழ்ச்சியையே பலகை கணினிக்கு அறிவிக்கின்றது. அழுத்தும்போது உலோகத்தகடுகள் சில மில்லிசெக்கன் துள்ளுவதால் ஓர் அழுத்தம் பலவாய்த் தோன்றுவதுமுண்டு. சற்றே பொறுத்துக் கணக்கிடுமாறு மென்பொருளிற் கூறிவிட்டால் அக்குறை தீரும்.

முதலிற் பரீட்சித்தவன் அம்மாணவனே. சிறிது நேரத்தில் நிமிர்ந்து, "சேர், இடமும் வலமும் ஒண்டா அமத்தினா எது நடக்கும்?" என வினவினான். யான் திகைத்தேன். கோலுள்ள கருவியில் ஒருபோதும் நேராத சிக்கல் இது. கோல் ஒரே வேளையில் இரு புறமுஞ் சாயாது.

"இதுவும் புணர்ச்சிதான், தம்பி. இரண்டு சொல் சேரேக்கை விதி வேணுமெல்லோ?" என்றேன்.

"அப்ப ரெண்டும் கெடட்டும், சேர்!"

கெடுதல் விகாரத்தை அதனினுந் தெளிவாக எவரும் எனக்கு விளக்கியதில்லை. எதிரெதிர்த் திசைகள் கூடின் இரண்டுங் கெடுக என்றே மென்பொருளில் விதித்தோம்.

அன்று மாலை தமையன்மார் இருவரும் அவனிடந் தோற்றனர்; மூன்றாவதாக யானுந் தோற்றேன். மறுவாரம் வகுப்பில் அவன் இரு கைகளையும் மேசைமேல் வைத்திருந்தான். சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்குமிடையே பேனாவைப் பற்றி எழுதிய எழுத்து கோணலாயிருந்தது. அதற்குப் புள்ளி குறைக்க என் கை எழவில்லை.

அன்று அதட்டியதற்காக அவனிடம் வாய்திறந்து மன்னிப்புக் கேட்டேனல்லேன். பெட்டியே கேட்டுவிட்டதென எண்ணி என்னைத் தேற்றிக்கொண்டேன். அது போதாதென்பது இதனை எழுதுங்கால் விளங்குகின்றது. என்றேனும் இம்மலர் அவன் கைக்கு எட்டுமாயின், ஆசிரியரின் பிழையை ஆசிரியரே எழுதிவைத்திருப்பதை அவன் காண்பானாக.