இரண்டு காந்தாரத்துக்கு நடுவே

நவம்பர் 26

விடிந்ததிலிருந்து மழை. கச்சேரி ரோடில் ஆட்டோக்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற சத்தம் மூன்றாம் மாடி வரை கேட்கிறது. அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டுப் பரணிலிருந்து கிட்டாரை இறக்கினேன். கல்லூரி மெல்லிசைக் குழுவில் வாசித்தது. இருபது வருஷமாகப் பெட்டிக்குள்ளேயே கிடந்ததால் கம்பிகளில் துரு. தொட்டால் விரலில் பழுப்பாக ஒட்டுகிறது.

புதுக் கம்பிகளைப் போன வாரமே அண்ணா சாலையில் மியூசி மியூசிகலில் வாங்கி வைத்திருந்தேன். 1842-லிருந்து நடக்கும் கடை அது. முதல் கம்பி 0.013 அங்குலம். சாதாரணமாக வாசிக்கிறவர்களுக்கு இது தடிமன்தான். ஆனால் ஸ்லைடு (விரலில் மாட்டிய கண்ணாடியைக் கம்பியின் மேல் வழுக்குவது) வாசிக்கக் கம்பி தடித்து, பலகையை விட்டுச் சற்று உயர்ந்தும் இருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே வைக்கிற கண்ணாடி மெட்டில் போய் இடிக்கும்.

கம்பி மாற்றியதும் சுருதியை மாற்றினேன். ஆறில் நான்கைத் தளர்த்த வேண்டும். ஆறாவதும் முதலாவதும் ஈ-யிலிருந்து டி-க்கு, மூன்றாவது ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு, இரண்டாவது பி-யிலிருந்து ஏ-க்கு. ஐந்தாவதும் நான்காவதும் இருந்தபடியே இருக்கும். இதற்கு ஓபன் டி என்று பெயர். டி-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் தடித்த கம்பியிலிருந்து ச, ப, ச, க, ப, ச.

எந்த மெட்டையும் தொடாமல் ஆறையும் ஒருமுறை வருடினேன். மழைச் சத்தத்துக்கு அடியில் அது தரையோடு தரையாகப் பரவிற்று. இத்தனை நாள் இந்த வாத்தியத்தைக் கையில் வைத்திருந்தும் அதற்குள் இப்படி ஒரு சுருதி இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று வருத்தமாக இருந்தது.

டிசம்பர் 3

இன்றைய தேதிக்காகவே எழுதுகிறேன். 1927-ல் இதே டிசம்பர் 3 அன்று டெக்சாஸ் மாநிலம் டல்லாஸில், கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக பிளைண்ட் வில்லி ஜான்சன் என்ற கண் தெரியாத பாடகர் 'டார்க் வாஸ் த நைட், கோல்ட் வாஸ் த கிரவுண்ட்' என்ற தட்டைப் பதிவு செய்தார். என் கிட்டார் இப்போது நிற்கிற அதே சுருதி. மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகம். அதில் பாட்டு வரியே கிடையாது. அவர் முனகுகிறார், கிட்டார் அந்த முனகலை வாங்கி மேலே கொண்டுபோகிறது. சில இடங்களில் குரல் எங்கே விட்டது, கம்பி எங்கே பிடித்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

1977-ல் வாயேஜர் விண்கலங்களோடு அனுப்பிய தங்கத் தட்டில் இது இருக்கிறது. அதற்கு நேர் முந்தைய பதிவு கேசர்பாய் கேர்கரின் 'ஜாத் கஹான் ஹோ', பைரவி. அந்த வரிசையை அமைத்தவர்களின் காதை நான் மனதார மெச்சுகிறேன். இரண்டையும் இன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அடுத்தடுத்துக் கேட்டேன்.

டிசம்பர் 6

ஸ்லைடு பாடம். முதலில் தெற்கு மாடவீதிப் பக்கம் ஹோமியோபதி மருந்துக் கடையில் ஒரு கண்ணாடிக் குப்பி கேட்டு வாங்கினேன். டுவேன் ஆல்மன் சளி மருந்துக் குப்பியை விரலில் மாட்டி வாசித்தார் என்று படித்ததுதான் காரணம். குப்பி சுண்டு விரலுக்குச் சரியாகப் பொருந்திற்று, ஆனால் கனமே இல்லை. ஒலி உடனே செத்துவிடுகிறது. சாயங்காலம் தி. நகரில் ஹார்டுவேர் கடை ஒன்றில் மெக்கானிக்குகள் நட்டுக் கழற்றும் நீள சாக்கெட் வாங்கினேன். லோவெல் ஜார்ஜ் இப்படி ஒரு சாக்கெட்டில்தான் வாசித்தார். கடைக்காரர் "எந்த வண்டிக்கு சார்?" என்று கேட்டார். கிட்டாருக்கு என்றேன். அவர் இன்னும் இரண்டு அளவுகளை எடுத்து வைத்து, விரலில் மாட்டிப் பார்க்கச் சொன்னார். நல்ல மனிதர்.

எஃகின் கனம் கம்பியின் மேல் உட்கார்ந்ததும் ஒலி நின்றது, நீண்டது. ஆனால் இனிமேல்தான் பாடு. விரலால் வாசிக்கும்போது மெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்தினால் போதும். சுரத்தை மெட்டு பார்த்துக்கொள்ளும். ஸ்லைடில் அழுத்தவே கூடாது. கம்பியைத் தொட்டபடி, மெட்டுக் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். நூலளவு முன்னே போனால் சுரம் ஏறிவிடும், பின்னே வந்தால் இறங்கிவிடும். ஸ்லைடுக்குப் பின்னால் இருக்கிற கம்பித் துண்டும் தன் பாட்டுக்கு அதிர்ந்து இரைகிறது. அதை மற்ற விரல்களைப் பின்னால் படுக்கப்போட்டு அடக்க வேண்டும். வாசிக்காத கம்பிகளை வலது கை மூடி வைக்க வேண்டும். ஒலி எழுப்புவதைவிட ஒலியை அடக்குவதிலேயே இரண்டு கைக்கும் வேலை.

டிசம்பர் 11

பெரியம்மா கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறார். சீசன் முடியும் வரை இங்கேதான். எண்பத்திரண்டு வயது, வீணை வாசித்தவர். விரல் மடங்காமல் போனதால் இப்போது கேட்பதோடு சரி.

நான் ப்ளூஸ் வாசிப்பதைச் சற்று நேரம் கேட்டுவிட்டு, "அந்தக் காந்தாரக் கம்பி தூக்கலா இருக்குடா" என்றார். சுருதி பார்க்கிற போன் ஆப் பச்சை விளக்குக் காட்டுகிறது, சரியாகத்தான் இருக்கிறது என்றேன். "இப்படிக் கொடு" என்று மடியில் வாங்கிக்கொண்டு, ஷட்ஜக் கம்பிகளை மீட்டிவிட்டு மூன்றாம் கம்பியின் கீயைத் துளி துளியாகத் திருகினார். ஓரிடத்தில் ஆறு கம்பியும் திடீரென்று ஒரே கம்பியாகிவிட்டது போல இருந்தது. அவர் கையை எடுத்துவிட்டார். ஆப்பில் பார்த்தேன். அரைச் சுரத்தை நூறு பங்காக்கினால் பதினான்கு பங்கு கீழே என்று காட்டிற்று.

இதன் கணக்கு எனக்குத் தெரியும். காதால் கேட்டது இன்றுதான். கிட்டாரின் மெட்டுகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சமத் துண்டுகளாக வெட்டியவை. அதன்படி அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 400 பங்கு. ஷட்ஜக் கம்பியின் அதிர்வுக்குள்ளேயே தானாகப் பிறக்கிற காந்தாரமோ 5-க்கு 4 என்ற விகிதம், ஏறக்குறைய 386 பங்கு. நன்றாகச் சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாமலே காந்தாரம் கேட்கிறதே, அது இதுதான். பெரியம்மா ஆப்பைப் பார்க்காமல் அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்டார். "சுருதியிலேயே அந்தர காந்தாரத்தை வச்சுக்கிட்டு, ஏண்டா ஒவ்வொரு தடவையும் அதுக்குக் கீழே போய் நிக்கிறே?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

டிசம்பர் 17

மார்கழி பிறந்துவிட்டது. விடிவதற்கு முன் மாடவீதியில் பஜனை கோஷ்டி. பாபநாசம் சிவன் நடந்த வீதிகள் இவை.

காலையில் 29சி பிடித்து பெசன்ட் நகர் போனேன். கூட வாசித்த பழைய நண்பன் அங்கே இருக்கிறான். ப்ளூஸ் என்று ஆரம்பித்ததும், "அது சுத்த தன்யாசிதானே, ச க ம ப நி" என்றான். இதைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சுரங்களை எழுதிப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் அது தவறு. சுத்த தன்யாசிக்கு அடியில் அந்தர காந்தாரம் ஒலிக்காது. அதன் காந்தாரம் தன் சொந்த வீட்டில் அசைகிறது. ப்ளூஸில் அடியில் அந்தர காந்தாரம் திறந்த கம்பியிலேயே நிற்கிறது, மேலே பாடுகிற குரல் அதற்கு அரைச் சுரம் கீழே உள்ள சாதாரண காந்தாரத்திலிருந்து கிளம்பி அதை நோக்கி ஏறுகிறது, போய்ச் சேருவதில்லை. எவ்வளவு ஏறும் என்பதும் ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும். அந்த இடத்துக்கு மெட்டு கிடையாது. பியானோக்காரர்கள் இரண்டு கட்டைகளையும் நெருக்கி அழுத்தி ஒப்பேற்றுகிறார்கள். ஸ்லைடுக்கு அங்கே நேராகப் போக முடியும். ப்ளூஸ்காரர்கள் கத்தியையும் பாட்டில் கழுத்தையும் கம்பியில் வைத்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி 1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒரு கறுப்பினத்தவர் கிட்டார் கம்பியில் கத்தியை அழுத்தி வாசித்ததைக் கேட்டதாக 1941-ல் வந்த தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த மனிதரின் பெயரை அவர் எழுதவில்லை.

டிசம்பர் 22

பெரியம்மாவோடு அவர் மருந்துக்காக அடையாறு போய் வந்தேன். திரும்பும்போது கோட்டு வாத்தியத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். திருவிடைமருதூர் சகாராம ராவ், மைசூர் நாராயண ஐயங்கார், கலாக்ஷேத்ராவில் சொல்லிக்கொடுத்த பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள். மெட்டே இல்லாத வீணை. கருங்காலிக் கட்டையைத் தந்தியின் மேல் வழுக்கி வாசிப்பது. தொடுகிற இடமே சுரம். நான் சாக்கெட்டோடு படுகிற பாட்டை இந்த ஊர் நூறு வருஷத்துக்கு முன்பே பட்டு முடித்துவிட்டது.

செம்மங்குடி சீனிவாச ஐயர் அந்த சகாராம ராவிடம் பாடம் கேட்டவர் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. வாய்ப்பாட்டுக்காரர் ஒருவர் கோட்டு வாத்தியக்காரரிடம் பாடக் கற்றிருக்கிறார். அந்த வாத்தியம் குரலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

ராத்திரி பெரியம்மாவுக்கு 'மும்தாஜ் மஹால்' போட்டுக் காட்டினேன். 1995-ல் வந்த தட்டு. ப்ளூஸ் பாடகர் தாஜ் மஹால், மோகன வீணையில் விஸ்வ மோகன் பட், சித்ரவீணையில், அதாவது கோட்டு வாத்தியத்தில், என். ரவிகிரண். ரை கூடரும் பட்டும் சேர்ந்து கிராமி வாங்கிய 'எ மீட்டிங் பை த ரிவர்' வந்து இரண்டு வருஷம் கழித்து. எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. இதில் பாட்டு இருக்கிறது, பாட்டைத் துரத்தும் இரண்டு வழுக்கு வாத்தியங்கள் இருக்கின்றன. சித்ரவீணை அந்த நடுக் காந்தாரத்தைத் தொடும்போது பெரியம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 23

வாசிக்க முடியவில்லை. சுண்டு விரல் வீங்கியிருக்கிறது.

டிசம்பர் 28

விரல் தேவலை. மோதிர விரலுக்கு மாற்றிப் பார்த்தேன். அடக்குவதற்கு விரல் போதவில்லை. மறுபடி சுண்டு விரலுக்கே வந்துவிட்டேன்.

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். பன்னிரண்டு பார் ப்ளூஸ் என்பது நான்கு நான்கு எண்ணிக்கையாகப் பன்னிரண்டு, மொத்தம் 48. ஆதி தாளத்தில் போட்டால் சரியாக ஆறு ஆவர்த்தனம். முதல் இரண்டு ஆவர்த்தனம் ஷட்ஜம். மூன்றாவதில் சுருதி மத்திமத்துக்குப் போகிறது, ஐந்தாம் மெட்டு. நான்காவதில் ஷட்ஜத்துக்குத் திரும்புகிறது. ஐந்தாவது ஆவர்த்தனத்தில் லகுவுக்குப் பஞ்சமம், ஏழாம் மெட்டு. த்ருதம் தொடங்கும்போது மத்திமம். ஆறாவதில் மீண்டும் ஷட்ஜம். ஒரே ஒரு மாற்றம் த்ருதத்தில் விழுகிறது, மற்றதெல்லாம் சமத்தில். அந்த ஒன்றுதான் மொத்தத்தையும் முன்னால் சாய்த்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. பத்து நாளாக எண்ணி எண்ணித் தவறவிட்ட இடம், தொடையில் தாளம் போட்டதும் தானாக வந்து விழுந்தது.

ஜனவரி 4

பெரியம்மா நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறார். சாப்பிட்ட பிறகு, "உன் ஆறு ஆவர்த்தனத்தை வாசி, நான் தாளம் போடறேன்" என்றார்.

முதல் ஆவர்த்தனத்தில் முதல் கம்பி, மூன்றாம் மெட்டுக்குச் சற்று மேலே. வழக்கம்போலத் திறந்த காந்தாரக் கம்பியோடு உரசிற்று. பெரியம்மாவின் புருவம் சுருங்கிற்று. இரண்டாவதிலும் அதே. மூன்றாவது சமத்தில் ஐந்தாம் மெட்டுக்குப் போய் ஆறு கம்பியையும் மீட்டி, அந்த மத்திமம் காதில் நிற்கும்போதே மறுபடி முதல் கம்பியின் அதே இடத்துக்கு இறங்கினேன். அதே சுரம்தான். இந்த முறை உரசவில்லை. போய் உட்கார்ந்துவிட்டது.

பெரியம்மாவின் கை தாளத்தை விடவில்லை. ஆறாவது முடிந்ததும் கேட்டார்: "மூணாவது ஆவர்த்தனத்துல என்னடா பண்ணினே?"

"ஒண்ணும் மாத்தலை பெரியம்மா. அதே காந்தாரம்தான்."

சற்று நேரம் வாய்க்குள் பாடிப் பார்த்தார். விரல் விட்டு ஏதோ எண்ணினார். மத்திமத்தை ஷட்ஜமாக வைத்தால் சாதாரண காந்தாரம் கைசிகி நிஷாதமாகிவிடும்; கிரக பேதக் கணக்கு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"ஷட்ஜத்தையே நகர்த்திட்டாங்க" என்றார். "அதனாலதான் முன்னாடியே கீழே போய் நிக்கிறான். ஆதாரம் வந்து சேரும்னு தெரிஞ்சு நிக்கிறான்."

நம் பாட்டில் ஷட்ஜம் நகராது. எத்தனை கச்சேரி கேட்டிருப்பார். எழுபது வருஷமாக அவர் காதில் அது ஒரே இடத்தில்தான் நின்றிருக்கிறது. அதை அசைத்ததற்கு அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"இன்னொரு தரம் வாசி" என்றார். "மூணாவதை மட்டும் கொஞ்சம் நின்னு வாசி."

வாசித்தேன். நான்கு தரம் வாசிக்கச் சொன்னார். பத்தரை மணிக்குக் கீழ் வீட்டுக்காரர்கள் தூங்க வேண்டும் என்று நிறுத்தினோம். காலை ஆறு பத்துக்கு வண்டி. மூன்றாம் கம்பியில் துரு பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. மாற்றினால் அவர் வைத்த இடத்தை நானே தேட வேண்டும்.