சாயா: போத்தோடு சொல்லித்தர வேண்டியவை

சாயா கீரையை வளர்க்க ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம், குச்சியை ஒடித்து ஊன்றினால் தானாக வரும் என்றுதான் பலரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். வரும், அதில் சந்தேகமில்லை. வந்த செடியை எந்த உயரத்தில் நிறுத்துவது, இலையை எப்படி வேகவைப்பது, கழித்த கிளையை எங்கே போடுவது என்பதெல்லாம் அந்தக் குச்சியோடு, அதாவது போத்தோடு, சேர்ந்து வருவதில்லை. வளர்ப்பவரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

மெக்சிகோவின் யுகாட்டன் தீபகற்பமும் குவாத்தமாலாவும் இதன் தாயகம். அங்குள்ள மாயா மக்கள் நெடுங்காலமாக வீட்டைச் சுற்றி வளர்த்துச் சாப்பிட்டு வரும் கீரை இது. ஆமணக்கு, மரவள்ளி, காட்டாமணக்கு எல்லாம் இதற்குப் பங்காளிகள். காட்டில் வளரும் சாயாவில் தொட்டால் எரியும் சுணை நிறைய உண்டு. சுணை குறைந்த செடிகளைத் தேர்ந்தெடுத்து, போத்து போத்தாகவே தலைமுறைகளுக்குக் கடத்தி வந்திருக்கிறார்கள் அந்த மக்கள். அதனால் வீட்டுச் சாயா வெள்ளைப் பூவைக் கொத்துக் கொத்தாகப் பூத்தாலும் விதை கட்டுவது மிக அரிது. பட்டாம்பூச்சிகளுக்கும் தேனீக்களுக்கும் பூ பயன்படுகிறது, அவ்வளவுதான். இங்கே எந்த வீட்டுக் கொல்லையில் சாயா நின்றாலும், யாரோ ஒருவர் இன்னொருவருக்கு ஒடித்துக் கொடுத்த போத்துதான் அது.

ஆகவே முதல் விஷயம், போத்தை யாரிடம் வாங்குகிறோம் என்பது. வேலியோரம் நிற்கும் காட்டாமணக்கின் இலையும் ஏறக்குறைய இதே சாயல்தான். அது விஷச்செடி. பழகாத கண்ணுக்கு, அதுவும் இலை இல்லாத குச்சியாகப் பார்க்கும்போது, வித்தியாசம் பிடிபடாது. சாயாச் செடியிலிருந்து பறித்துத் தன் வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறவர் கையால் போத்து வாங்குவதே பாதுகாப்பு.

பச்சை நிறம் மாறி லேசாகச் சாம்பல் பூத்த, கட்டைவிரல் பருமனுள்ள முற்றிய தண்டுதான் போத்துக்கு ஏற்றது. நுனிக்கொம்பு வேண்டாம், எளிதில் அழுகும். அரை அடி முதல் ஓரடி வரை, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டிக்கொள்ள வேண்டும். வெட்டியதும் பால் வடியும். அந்த ஈரத்தோடு மண்ணில் வைக்காமல் நிழலில் சாய்த்து வைத்து, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை சில நாள் பொறுத்திருக்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லாததால் அழுகிய போத்துகள்தான் அதிகம். நடுகிற மண்ணில் தண்ணீர் தேங்கக் கூடாது. செம்மண்ணோடு மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்தால் போதும். ஆடிப்பட்டம் நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நடுவதை நான் தவிர்ப்பேன். துளிர் வந்துவிட்டது என்று உடனே தண்ணீரைக் கூட்டக் கூடாது. தண்டில் சேர்ந்திருக்கும் சத்திலேயே துளிர் விடும், வேர் அதன் பிறகே நிதானமாக இறங்கும்.

வேர் பிடித்தபின் வறட்சியைத் தாங்கும், பூச்சியும் அதிகம் வராது. விட்டுவிட்டால் வீட்டுக் கூரையைத் தொடும். ஆனால் அதன் தண்டு முருங்கையைப் போல முறியக்கூடியது, ஆடிக்காற்றில் கிளையோடு சாயும். மாடித்தோட்டத்துத் தொட்டியில் இது பெரிய தொல்லை. கவாத்தை நான் இந்தச் செடியின் உயிர்நாடியாகவே நினைக்கிறேன். முதல் தண்டு இடுப்பளவு வந்ததும் நுனியை வெட்டிவிட வேண்டும். கீழ்க்கணுக்களிலிருந்து பக்கக்கிளைகள் கிளம்பும். அவையும் நீண்டதும் மறுபடி வெட்டினால் செடி குடையாக அடர்ந்து, கைக்கு எட்டும் உயரத்திலேயே கொழுந்து கிடைக்கும். பறிக்கும்போது ஒருபோதும் செடியை மொட்டையடிக்கக் கூடாது. பாதி இலையாவது நிற்க வேண்டும். பால் கண்ணில் பட்டால் எரியும், இலைக்காம்பில் மீந்திருக்கும் சுணை சிலருக்கு அரிக்கும். அதனால் கையுறையோடு வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே மற்ற வேலை.

இனி அடுப்படி. பசலைக்கீரையைவிடப் புரதமும் கால்சியமும் கூடுதலாக உள்ள கீரை என்று இதைப் புகழ்கிறார்கள், நியாயமான புகழ்தான். ஆனால் பச்சை இலையில் சயனைடைத் தரும் பொருள் இருக்கிறது. மரவள்ளி தின்னும் ஊர்க்காரர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. பச்சை இலையை அரைத்து ஜூஸ் போடுவதும், சாலட்டில் நறுக்கிப் போடுவதும் கூடாது. மெக்சிகோவிலேயே அன்னாசியோடு பச்சையாக அடித்துக் குடிக்கும் பழக்கம் இருக்கிறது என்று எதிர்வாதம் வரும். இருக்கட்டும். எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை. தண்ணீர் நன்றாகக் கொதித்தபின் இலையைப் போட்டு, மூடாமல், 20 நிமிடம் வேகவைக்கிறோம். ஹைட்ரஜன் சயனைடு அறை வெப்பத்தையொட்டிய சூட்டிலேயே ஆவியாகிவிடும் பொருள். மூடாமல் கொதிக்கவிட்டால் அது வெளியேறிவிடும். வைட்டமின் சி கொஞ்சம் போகும், போகட்டும். அலுமினியப் பாத்திரத்தில் சாயாவை வேகவைக்கக் கூடாது என்பது இதை வளர்ப்பவர்களிடையே நெடுநாளாக வழங்கும் எச்சரிக்கை. நாங்கள் எவர்சில்வரோ மண்சட்டியோதான் வைப்போம். வெந்த நீரை வடித்துவிடுவோம்.

இவ்வளவு வெந்தும் இலை குழையாது. முளைக்கீரை போல மசியலுக்கு உதவாது. பாசிப்பருப்போடு கூட்டு, தேங்காய் தூவிய பொரியல், அடைமாவில் கலப்பது இவையெல்லாம் பொருந்தும். முட்டையோடு கிளறினால் பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். கசப்பு கிடையாது.

வேகமாக வளரும் வெளிநாட்டுச் செடியை ஏன் வீட்டில் வைக்கிறாய் என்று கேட்பவர்கள் உண்டு. சரியான கேள்வி, நானும் அதை மதிக்கிறேன். உண்ணிச்செடி 1809-இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாகத்தான் வந்தது. பறவைகள் அதன் பழத்தைத் தின்று விதையைப் பரப்பின. இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டின் அடித்தளத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. விறகுக்காகப் பரப்பப்பட்ட சீமைக் கருவேலம் தென்மாவட்டக் கண்மாய்களை என்ன செய்திருக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. சாயா அப்படிப் பரவுகிற செடி அல்ல. விதை கட்டுவதே அரிதான ஒன்றைப் பறவை எங்கே கொண்டுபோகும்? ஆனால் கவாத்தில் கழித்துப்போட்ட தண்டு ஈர மண்ணில் கிடந்தால் முளைக்கக்கூடும். நான் கழித்த தண்டுகளைச் சிறு துண்டாக்கி, மொட்டைமாடி வெயிலில் சருகாகக் காயவைத்த பிறகே உரக்குழியில் போடுகிறேன். ஆட்டுக்குப் பச்சையாகப் போடுவதும் இல்லை.

சாயா வளர்ப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். போத்து கேட்டு வருபவருக்கு வெறும் குச்சியை மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள். 20 நிமிடம், மூடாமல், அலுமினியம் வேண்டாம், பச்சையாகக் கூடாது என்று ஒரு சீட்டில் எழுதி அந்தப் போத்திலேயே கட்டிக் கொடுங்கள். கழித்த கிளையை வாய்க்காலோரத்திலும் ஏரிக்கரையிலும் வீச வேண்டாம் என்பதையும் அதில் சேர்த்து எழுதுங்கள்.