நூலுக்கேற்ற றேந்தை

காலியிலிருந்து மாத்தறைக்குப் போகும் கரையோர வீதியில் உள்ளது வெலிகம. போர்த்துக்கேயர் காலத்தில் வந்த பீரளு றேந்தை இன்றும் அங்கே பின்னப்படுகிறது. நாம் றேந்தை என்பதைச் சிங்களத்தில் 'ரேந்த' என்கிறார்கள். மொழி அறியாத எனக்கு அந்தச் சொல்லே அறிமுகமாயிற்று. மற்றவற்றைக் கூட வந்த தோழி மொழிபெயர்த்தார்.

நான் சந்தித்த அம்மா, உருளைத் தலையணையில் மாதிரித்தாளைச் சுற்றி, குண்டூசிகள் குத்தி, நூல் சுற்றிய மரக்கட்டைகளைச் சோடி சோடியாக மாற்றிப் பின்னினார். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அவரது மாதிரிகள் அள்ளுண்டு போயின. உறவினரிடம் இருந்த பழைய றேந்தைத் துண்டைப் பார்த்து மீண்டும் வரைந்தாராம்.

மெல்லிய நூலுக்குரிய மாதிரியில் தடித்த நூலைப் போட்டால் கண்கள் அடைபட்டு, றேந்தை பாய்போல விறைக்கும். நூல் இருமடங்கு தடிப்பானால் ஊசித் துளைகளின் இடைவெளியையும் இருமடங்காக்கி வரையவேண்டும். அப்போது அகலமும் இரட்டிக்கும். சட்டைக் கழுத்துக்குப் பழைய அகலமே வேண்டுமாயின் சோடிகளைக் குறைத்து, எளிய பூவைத் தெரியவேண்டும். இரண்டு விரல் நீளம் பின்னி, ஊசிகளைக் கழற்றிப் பார்த்த பின்னரே அவர் வேலையை ஏற்கிறார்.

கொக்கி ஊசியால் பின்னும் நம் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். வாங்குபவர் நூலை மாற்றச் சொன்னால் முதலில் மாதிரித்துண்டு பின்னுங்கள். செல்லும் நூலையும் நேரத்தையும் கணக்கிட்டு, அதன் பின்னர் விலை பேசுங்கள்.