குரலுக்கு முந்திய கை

லட்சுமண் சிவராமகிருஷ்ணனை நான் முதலில் அறிந்தது குரலாகத்தான். மலேசியாவின் ஜெராமில் எங்கள் வீட்டு ஆஸ்ட்ரோ தொலைக்காட்சியில் இந்தியா ஆடும் ஆட்டங்கள் வரும். அவர் ஆங்கிலத்தில் வர்ணிப்பார். ஆங்கிலம் தெரியாத அப்பாவுக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்வேன். அப்பா முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். எங்கள் ரப்பர் தோட்டத்தில் பந்து என்றாலே கால்பந்துதான். பையன்கள் நாங்கள் சிலர் மட்டும் காய்ந்த மட்டையைச் செதுக்கி, மண்ணெண்ணெய் டின்னை நிறுத்திவைத்து, டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுவோம்.

ஒருநாள் ஒரு சுழற்பந்து வீச்சை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். மணிக்கட்டு திரும்பி, புறங்கை மட்டையாளரைப் பார்க்கும் அந்த ஒரு கணத்தை சிவா விளக்கினார். லெக் ஸ்பின் போலவே கிளம்பும் பந்து, விழுந்ததும் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும், அதுதான் கூக்ளி. நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பா குறுக்கிட்டார்.

"இவரு பந்து போட்ட ஆளுய்யா. கண்ணால பார்த்துச் சொல்றதில்ல இது. கை சொல்லுது."

அதற்குப் பிறகுதான் அந்தக் கையின் கதையைத் தேடிப் படித்தேன். சென்னைப் பையன். 1983 ஏப்ரலில் ஆண்டிகுவாவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடியபோது வயது 17. விக்கெட் எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த வாய்ப்புக்கு 1984 நவம்பர் வரை காத்திருந்தார். மும்பையில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 64 ரன்னுக்கு 6 விக்கெட், இரண்டாவதில் 117 ரன்னுக்கு 6. இந்தியா வென்றது. அடுத்து டெல்லியிலும் ஒரே இன்னிங்ஸில் 6 விக்கெட். அப்போதும் அவருக்கு 19 வயது நிறைந்திருக்கவில்லை.

பிறகு எல்லாம் வேகமாகவே முடிந்துவிட்டது. 1986 ஜனவரியில் சிட்னியில் ஆடியதுதான் கடைசி டெஸ்ட். 20 வயது நிறைந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட். மற்றவர்கள் தொடங்கும் வயதில் அவருக்குக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. இதைப் படித்த இரவு எனக்கு மனம் ஆறவே இல்லை. 1987-88இல் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாட்டு அணியில் அவரும் இருந்தார் என்பது கொஞ்சம் ஆறுதல்.

2000ஆம் ஆண்டு டாக்காவில் வங்கதேசம் தன் முதல் டெஸ்டை இந்தியாவோடு ஆடியபோது சிவா வர்ணனைக்கு வந்தார். டெஸ்ட் களத்தில் கிடைத்தது மூன்றே வருடம். மைக்கின் முன் அதைப்போல் பல மடங்கு. தமிழில் வானொலி வர்ணனை செய்த அப்துல் ஜப்பார், கூத்தபிரான் போன்றவர்கள் காணாத ஆட்டத்தைக் காதுவழியே காட்டியவர்கள். தொலைக்காட்சியில் படம் கண்முன்னே ஓடுகிறது. அங்கே ரன் கணக்கை வாசிப்பவர் எனக்குத் தேவையில்லை. அந்தப் பந்து ஏன் அப்படித் திரும்பியது என்று சொல்பவர்தான் வேண்டும்.

சிவாவின் பேச்சில் கை பேசுகிறது என்பது அப்பாவுக்கு ஏன் உடனே பிடிபட்டது என்று எனக்குத் தெரியும். முழங்கால் தேய்ந்து அவரால் நிரை நிரையாக நடந்து வெட்ட முடியாமல் போனபின், புதிதாக வந்த ஆட்களுக்கு வேலை பழக்கிவிட்டார். பட்டையை மெல்லிய தோலாகச் சீவ வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் சரியாக வராது, கத்தி கட்டையைத் தொட்டால் மரத்தில் புண் விழும். புண் ஆறிப் புடைத்துக்கொண்டால் அந்த இடத்தில் மறுபடி ஒழுங்காக வெட்ட முடியாது. ஒரு விடியற்காலை காப்பி கொண்டுபோனபோது பார்த்தேன். ஒரு பையனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "தோள அழுத்தாத தம்பி, இங்கேருந்து இழு" என்றார். அந்த மரங்களும் பிறகு போய், அங்கே செம்பனை வந்துவிட்டது.

1985 மார்ச்சில் மெல்பர்னில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய ஓர் இறுதியாட்டத்தின் பதிவு எனக்குக் கிடைத்தது. பாகிஸ்தானின் ஜாவேத் மியாண்டாட் சிவாவின் பந்துக்கு இறங்கி வந்து ஏமாறுகிறார்; சதானந்த் விஸ்வநாத் ஸ்டம்பிங் செய்கிறார். அப்பாவிடம் காட்டினேன். "இன்னொரு தடவ போடு" என்றார். மூன்று முறை போட்டேன். பெயில்கள் விழும்போது அப்பாவின் பார்வை அங்கே போகவே இல்லை. சிவாவின் கையிலேயே இருந்தது. மூன்றாவது முறை, நாற்காலிக் கைப்பிடியில் கிடந்த அப்பாவின் வலது மணிக்கட்டு மெல்லத் திரும்பி நின்றது.