நிலாவுக்கு மறுபடியும் மனிதர் போக வேண்டுமா?



சென்ற வாரம் நிலாவைப் பற்றி நான் போட்ட பதிவில் பழைய மாணவன் ஒருவன், "டீச்சர், ரோபோவே எல்லா வேலையும் செய்யுதே, மனுஷங்க எதுக்குப் போகணும்? வீண் செலவுதானே?" என்று கேட்டிருந்தான். நல்ல கேள்வி. கமெண்டில் அடங்காது என்பதால் தனியாக எழுதுகிறேன்.

நிலாவில் இதுவரை நடந்தவர்கள் 12 பேர். 1972 டிசம்பரோடு அது நின்றுபோனது. அந்தக் கடைசிப் பயணமான அப்போலோ 17-இல் போன ஹாரிசன் ஷ்மிட் ஒருவர்தான் அவர்களில் விஞ்ஞானி. பாறைகளைப் படித்தவர். சாம்பல் நிறமாகக் கிடந்த தரையில், தன் கால் கிளறிய இடத்தில் ஆரஞ்சு நிற மண் தெரிவதைக் கவனித்தார். அதை அள்ளி வந்தார்கள். சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலை கக்கிய கண்ணாடித் துகள்கள் அவை. அதோடு முடியவில்லை. 2008-இல் புதிய கருவிகளால் அந்த நாளில் வந்த கண்ணாடித் துகள்களைச் சோதித்தபோது, உள்ளே நீரின் தடயம் இருந்தது! நம் சந்திரயான்-1 கிளம்பியதும் அதே ஆண்டுதான். நிலாவில் நீர் உண்டு என்பதற்கு அதுவும் சான்று தந்தது.

இயந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. 2023-இல் நம் பிரக்யான் ஊர்தி தென்துருவப் பக்கம் கந்தகம் இருப்பதைக் கண்டு சொன்னபோது எனக்கும் பெருமைதான். ஆனால் அது சுமார் 100 மீட்டர் நகர்ந்தது. அப்போலோ 17-இல் போன இருவர் மூன்றே நாளில் வண்டியில் சுமார் 35 கிலோமீட்டர் சுற்றி, 110 கிலோ கல்லும் மண்ணும் கொண்டு வந்தார்கள். "இது வித்தியாசமா இருக்கே" என்று நிற்கத் தெரிந்த கண் கூடவே இருந்தது.

செலவு பற்றிய கவலை நியாயம்தான். ஆபத்தும் உண்டு; 1967-இல் அப்போலோ 1 தீ விபத்தில் தரையிலேயே மூன்று பேர் இறந்தார்கள். சோவியத் நாட்டை முந்துவதற்காக ஓடிய ஓட்டம் அது. ஜெயித்த பிறகு ஆர்வம் வற்றியது, அடுத்து இருந்த பயணங்கள் ரத்தாயின. மறுபடியும் கொடி நடத்தான் போகிறோம் என்றால் வேண்டவே வேண்டாம். படிக்கப் போவதாக இருந்தால், பொறுமையாக, நாடுகள் சேர்ந்து போகட்டும்.

இன்னொன்று. அங்கே நடந்த 12 பேரில் பெரும்பாலோர் இப்போது இல்லை. சொல்லித்தரத் தெரிந்தவர் இருக்கும்போதே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது எந்தத் தொழிலுக்கும் பொருந்தும். ஏட்டில் இருப்பது மட்டும் போதாது என்று 35 வருஷம் வகுப்பறையில் நின்ற எனக்குத் தெரியும்.

நம் நாமக்கல் பக்கத்து மண் நிலா மண்ணைப் போன்றது என்று, சந்திரயான்-2 சோதனைக்காக அதை எடுத்துப் போனார்கள். இதை உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள். மறுத்துப் பேசுகிறவர்களும் தாராளமாக எழுதலாம், மதிப்பெண் குறைக்க மாட்டேன்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்