கண்மாய்க்கரையில் ஒரு நிமிஷத்துக்கு ஒரு ஆள்

சைக்கிள் கடைக்கென்று ஒரு வாசனை உண்டு. பஞ்சர் ஒட்டுகிற சொலூஷனும், கிரீஸும், தண்ணீர்ச் சட்டியில் முக்கி எடுத்த டியூப்பும், வெயிலில் காய்கிற பழைய டயரும் சேர்ந்த வாசனை. இப்போதும் எங்காவது அது மூக்கில் ஏறினால் போதும், புதுக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் ஊர் முக்கும், புளியமரத்தடியில் தலைகீழாய் நிறுத்தி வைத்திருக்கிற அம்மாவின் சைக்கிளும், பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு கம்பி கம்பியாகச் சுண்டிப் பார்த்துக் கோட்டம் எடுக்கிற கடைக்காரத் தாத்தாவும், அவர் காதில் செருகிய பீடியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும்.

அம்மாவின் சைக்கிள் பார் வைத்த ஆம்பளை சைக்கிள். அறிவொளி இயக்கம் வந்த காலத்தில், எழுத்துப் படிக்கக் கூப்பிட்ட கையோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த நேரம். ஊருக்கு ஊர் பொட்டலில் பெண்கள் விழுந்து விழுந்து எழுந்தார்கள். லேடீஸ் சைக்கிள் அத்தனை பேருக்கும் கிடைக்கவில்லை, கிடைத்ததை ஓட்டினார்கள். பிறகு அம்மாவுக்கு அதுவே பிடித்துப்போயிற்று. முன்பாரில் பிள்ளை, கேரியரில் தண்ணீர்க்குடம், இரண்டையும் ஒரே நடையில் கொண்டுவந்து விடலாம். 1992 மகளிர் தினத்தையொட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் கொடி கட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குள் வந்தார்களே, அதில் அம்மாவும் ஒருத்தி. முன்பாரில் துண்டைச் சுற்றி உட்கார வைத்திருந்த இரண்டு வயசுப் பிள்ளை நான்தானாம். எனக்கு அது ஞாபகமில்லை. அம்மா சொல்லிச் சொல்லி ஞாபகம் மாதிரி ஆகிவிட்டது.

அந்த வண்டியில்தான் நானும் பழகினேன். பாருக்கு அடியில் காலை விட்டு இடுப்பை வளைத்து ஓட்டுகிற குரங்குப் பெடல், அப்புறம் பாருக்கு மேலே ஏறி அரைப்பெடல், ஏழாம் வகுப்பு வந்தபோது சீட்டை அடிவரைக்கும் இறக்கி, கட்டை விரல் நுனியால் எட்டி மிதிக்கிற முழுப்பெடல். அந்த வருஷம்தான் எங்கள் டிரில் சார், செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாள் சைக்கிள் போட்டிக்கு என் பெயரைக் கொடுத்தார். பதின்மூன்று வயசுக்கு உட்பட்ட பெண்பிள்ளைகளுக்கு 10 கிலோமீட்டர். கியர் வண்டி கூடாது, சாதாரண வண்டிதான். வயசுக்குத் தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டும்.

சார் வாலிபத்தில் சைக்கிள் வீரர். தமிழ்நாட்டு அணியோடு தேசியச் சாலைப் பந்தயத்துக்கு வடக்கே போய் வந்தவர். எங்களுக்கு ‘நேஷனல்ஸ்’ என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வந்ததுதான். சாயங்காலம் மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, சக்கரத்தைத் தனியே கழற்றி, வண்டியைப் பழைய மெத்தைக்குள் சுருட்டிச் சாக்கில் தைத்து ரயிலேற்றிய கதையைச் சொல்வார். விடியற்காலைக் குளிரில் விரல் மரத்து பிரேக் பிடிக்க வராதாம். ராணுவத்துக்காரர்களும் ரயில்வேக்காரர்களும் ராஜஸ்தானத்துப் பையன்களும் கூட்டமாகப் போகையில் செயின் சத்தம் ஈக்கூட்டம் மாதிரி ரீங்கரிக்குமாம்.

“ரோடு ரேஸ்ல எல்லாரையும் ஒண்ணா விட்டுருவாக. முன்னால போறவன் காத்த வெட்டட்டும், நீ அவன் பின்சக்கரத்த ஒட்டிப் போ, பாதிக் களைப்பு மிச்சம். டைம் டிரையல் அப்பிடி இல்ல. ஒரு நிமிஷத்துக்கு ஒரு ஆளு. பின்னால ஒருத்தர் சீட்டப் புடிச்சுக்கிருவாரு, அஞ்சு, நாலு, மூணுன்னு எண்ணி விட்டுருவாக. முன்ன போனவன எட்டிப் புடிச்சாலும் அவன் நிழல்ல ஒண்டக் கூடாது, வெலகி முந்திப் போயிரணும். கடிகாரந்தான் ஒனக்குப் போட்டி.”

ரோடு ரேஸில் கூட்டம் தன்னைக் கழற்றிவிட்டுப் போய்விட்டது என்பதைச் சொல்கையில் அவர் குரலில் வருத்தமே இருக்காது. மறுநாள் டைம் டிரையலில் ஆளில்லாத சாலையில் ஒற்றை ஆளாக மிதித்துக்கொண்டு போனதைச் சொல்கையில்தான் கை தானாக எழுந்து, இல்லாத ஹேண்டில்பாரைப் பிடிக்கும். அதில் எத்தனாவதாக வந்தார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

போட்டிக்கு முந்தின நாள் தாத்தா வண்டியை ஓவராயில் பண்ணிக் கொடுத்தார். பால்ரஸைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிரீஸ் வைத்து, காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். காலையில் முதுகில் துணி நம்பர் குத்தி, வாயில் எலுமிச்சைத் துண்டோடு நின்றேன். விசில் ஊதியதும் சார் சொன்னபடி ஒரு உயரமான அக்காவின் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். ஊர் தாண்டியதும் தைலமரக்காட்டு வாசனை. அந்த அக்காவின் இரட்டைச் சடை, மடித்துக் கட்டிய சிவப்பு ரிப்பன், இடது சடையில் பிரிந்து தொங்கிய ஒரு இழை. நாலு கிலோமீட்டருக்கு நான் உலகத்தில் பார்த்தது அவ்வளவுதான். சார் சொன்னது சத்தியம். அவள் பின்னால் காற்றே இல்லை.

திரும்புகிற இடத்தில் செயின் கழன்றுவிட்டது. உட்கார்ந்து மாட்டி முடிப்பதற்குள் ரிப்பன் கண்ணுக்கே தெரியவில்லை. முதல் பத்துப் பேருக்குத்தான் சான்றிதழ். நான் போய்ச் சேர்ந்தபோது மேஜையில் அதெல்லாம் எழுதி முடித்திருந்தார்கள். கோலி சோடாவோடு நின்ற அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கருத்துப் போயிருந்த என் கையை வாங்கித் தன் முந்தானையில் துடைத்தாள். அந்தக் கறை அந்தச் சேலையில் கடைசிவரை போகவில்லை.

ராத்திரி சோறு பிசைந்து போடும்போது சார் சொன்ன டைம் டிரையல் கதையை அம்மாவிடம் சொன்னேன். உருண்டையைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒத்த ஆளாப் போறதா? அதுல வயசு கேக்க மாட்டாகளா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. மேலே அவள் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்கரையில் நாங்களே ஒரு டைம் டிரையல் வைத்தோம். மடையிலிருந்து கலிங்கு வரை போய்த் திரும்ப வேண்டும். அப்பாவின் எச்.எம்.டி. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் சிநேகிதி மடைக்கல்லில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுப் பையன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். ஒரே வண்டி, அதனால் ஒருவர் வந்து இறங்கினால்தான் அடுத்தவர் ஏறலாம். மழை பெய்து ஈரம் காயாத கரை. சக்கரம் பதிகிற சத்தம், கண்மாயில் நீர்க்காக்கை முங்குகிற சத்தம், என் மூச்சு. எனக்கு முன்னால் ஒதுங்குவதற்கு ஒரு முதுகும் இல்லை. கருவைக் காற்று முகத்தில் அறைந்தது. நான் வந்து இறங்கும்போது துணி துவைத்துவிட்டுப் படித்துறையிலிருந்து அம்மா ஏறி வந்தாள்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். கொசுவத்தைத் தூக்கிச் செருகினாள். வண்டியை வாங்கி, டயரைக் கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தாள். “எண்ணுங்கடா” என்றாள்.

அவள் போன பிறகு கரையில் நாங்கள் யாரும் பேசவில்லை. கலிங்குப் பக்கம் மஞ்சள் சேலை சிறுத்து, திரும்பி, பெருத்து வந்தது. அம்மா சீட்டில் உட்காரவே இல்லை, எழுந்து நின்று மிதித்து வந்தாள்.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிநேகிதி பென்சிலால் எழுதியது இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் 9 நிமிஷம் 5 விநாடி. அம்மா 8 நிமிஷம் 40 விநாடி.