ஆணி இறங்கும் இடம்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா என்றால் குதிரைச் சந்தைதான் செய்தி. காது நுனிகள் உள்வாட்டில் வளைந்து தொட்டுக்கொள்ளும் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள், மேளத்துக்குக் கால் மாற்றி ஆடும் வெள்ளைக் குதிரைகள் என்று பத்திரிகைகளில் படம் வரும். அதைப் பார்த்துத்தான் நானும் போனேன். ரேக்ளாப் பந்தயத்தில் வண்டி ஓட்டும் நண்பர், "குதிரையை அப்புறம் பாத்துக்கலாமுங்க, மொதல்ல பாயைப் பாருங்க" என்று ஒரு புளியமரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

லாடம் அடிக்கும் பாய்க்கு எழுபது தாண்டிவிட்டது. சிறுவயதில் ஜட்கா வண்டி ஸ்டாண்டில் அத்தாவுக்கு ஆணி எடுத்துக் கொடுத்துப் பழகிய கை. ஆட்டோ வந்து ஜட்கா ஒழிந்ததும் கூட இருந்தவர்கள் வேறு பிழைப்புக்குப் போனார்கள். இவர் பந்தயக் குதிரைகளின் பின்னால் ஊர் ஊராகப் போனார்.

லாட ஆணி ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். தட்டையான உடம்பு, நுனியில் ஒரு பக்கம் மட்டும் சரிவு. சரிவு உள்பக்கம் பார்த்திருந்தால் ஆணி வெளிப்பக்கமாக வளைந்து குளம்புச் சுவரைத் துளைத்து வெளிவரும். மாற்றி வைத்தால் சதைக்குள் போகும். குளம்பின் அடியில், ஓரத்தை ஒட்டி வெளிறிய கோடு ஒன்று ஓடுகிறது. அதற்கு வெளியே வெறும் நகம், வலி தெரியாது. உள்ளே ஏறினால் ஆணி உயிருள்ள சதையில் படும். நகத்தில் இறங்கும்போது ஆணி கணீரென்று ஒலிக்கிறது. "சத்தம் மந்தமாச்சுன்னா உடனே உருவிடணும் தம்பி" என்றார், சுத்தியலை நிறுத்தாமல்.

குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஐந்தாறு வாரத்துக்கொருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். தார்ச்சாலையில் பாயும் ரேக்ளாக் குதிரைக்கு இதில் பிசகினால் அதன் காலோடு ஓட்டுபவரின் உயிரும் போகலாம்.

அந்தக் கைக்கு என்ன கூலி? தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து லட்சங்களில் விலை முடிக்கிறார். விற்பவர், வாங்குபவர் இருவரிடமும் தரகு வாங்குகிறார். குதிரையின் சுழி பார்த்து ராசி சொல்பவருக்கும் தட்சிணை உண்டு. பந்தயத்தில் ஜெயித்தால் கோப்பை உரிமையாளருக்கு. பாயின் கூலியையும் தரகரே பேசி, அதிலும் பங்கு எடுத்துக்கொள்கிறார். குதிரை உதைத்து முழங்கால் வீங்கிப் படுத்த நாட்களில் மருந்துச் செலவு முழுக்க பாயுடையது. இதைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. வியர்வை சிந்தாதவன் இரண்டு பக்கமும் அள்ளுவதற்கு வியாபாரம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இந்தத் தொழிலை மதிக்கும் இடங்களும் உண்டு. பிரிட்டனில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற லாடக்காரர்தான் குதிரைக்கு லாடம் அடிக்கலாம். நம் ராணுவமும் மீரட்டில் இதற்குப் பயிற்சி தருகிறது. ஆனால் பாயிடம் கற்க அவர் பிள்ளைகளே வரவில்லை. கூலி தெரிந்த பிள்ளைகள் எப்படி வருவார்கள்? நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாணவர்களுக்குக் குளம்பைக் காட்டிச் சொல்லித்தர இவரைப் போன்றவர்களை அழைக்கலாம், சம்பளம் கொடுத்து.

பந்தயக் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நுழைவுக் கட்டணத்திலிருந்து லாடக்காரர் கூலியைத் தனியே எடுத்து வையுங்கள். தரகர் கைக்குப் போகாமல் அதை அவரிடமே கொடுங்கள்.